பின் அச்சுக்கு மேலே ஒரு மச்சான்

இரவெல்லாம் மழை பெய்து, பெய்த மழை தரையைத் தொட்டதும் உறைந்து, அதன்மேல் விடியற்காலையில் ஒரு விரல் கனத்துக்குப் பனி விழுந்திருந்தது. பார்க்க மாவு சலித்துப் பரப்பியதுபோல் அழகாகத்தான் இருந்தது. ஹார்லன் வாசற்படியில் ஒரு காலை வைத்தான். அந்தக் கால் அவனைக் கேட்காமலே கீழே போயிற்று. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, "ஓகோ, இன்னிக்கு இப்படித்தானா" என்று பனியிடம் சொன்னான்.

மர அறுவை மில்லில் பலகை அடுக்குவது அவன் வேலை. வாரம் முழுக்கப் பலகை தூக்கிய தோளுக்கு, சனிக்கிழமை வந்தால் அடுப்புப் பக்கத்து நாற்காலியைத் தவிர வேறு எதுவும் வேண்டியிராது. ஆனால் இந்தச் சனிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து. மீன் என்றால் வெறும் மீன் இல்லை. காய்ந்து கட்டையான காட் மீனைக் சாம்பல் காரம் கரைத்த தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கருவாட்டை மறுபடி மீனாக்கும் லூட்டஃபிஸ்க். தாத்தாக்கள் நார்வேயிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததில் இன்னும் மிச்சமிருப்பது இந்த மீனும் கொஞ்சம் பிடிவாதமும்தான். நாலு ஊர்க்காரர்கள் வருவார்கள். பானை நாலு மணிக்கு அடுப்பில் ஏறியாக வேண்டும்.

அந்த மீனை முப்பது மைல் தள்ளியிருக்கும் டவுனிலிருந்து எடுத்துவரும் வேலை பதினோரு வருஷமாக டெல்மரிடம் இருந்தது. டெல்மர், ஹார்லனின் மனைவி ஆர்டிஸுக்கு அண்ணன். விதை வியாபாரி. ஆள் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. போன வருஷம் அவன் ஒரு வளைவில் பிரேக்கை மிதிக்க, மூன்று தொட்டிகள் கவிழ்ந்து மீனெல்லாம் வண்டியின் இரும்புத் தரையில் பரவி, அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டது. பெண்கள் தோசைத் திருப்பி போன்ற கரண்டிகளோடு வண்டியில் ஏறிச் சுரண்டி எடுத்தார்கள். அன்றைக்கு மீனில் லேசாக டீசல் வாசம் இருந்ததாக இன்றும் பேச்சு.

இந்த வருஷம் பெண்கள் குழுவுக்குத் தலைவியான போர்கில்ட் அம்மா கூட்டத்தில் எழுந்து நின்று, "ஹார்லன் கொண்டுவரட்டும்" என்று சொல்லிவிட்டார். "அவன் வண்டி கிழட்டு வண்டி. கிழட்டு வண்டிக்காரனுக்குத்தான் பயம் இருக்கும்."

மீன் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் யாரும் ஒரு வார்த்தை பாராட்டப் போவதில்லை. சேராவிட்டால் அவன் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். செத்த பிறகு, அவன் இறுதிச் சடங்கின் காப்பியைக் குடித்துக்கொண்டும் சொல்லிக்காட்டுவார்கள். அதெல்லாம் ஹார்லனுக்குத் தெரியும். ஆனாலும் ஆர்டிஸ் குடும்பத்தில் பெண் எடுத்து இத்தனை வருஷத்தில், 'இதை நீ செய்' என்று ஊர் கூடி அவனிடம் ஒப்படைத்த முதல் காரியம் இது. மீன் சிந்தாமல் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

"தூங்கவே இல்லதானே நீ?" என்றாள் ஆர்டிஸ், காப்பிக் குடுவையை நீட்டியபடி. உருளைக்கிழங்கு உரிக்கப் பக்கத்து வீட்டுக்காரியோடு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"தூங்கினேனே. கனவுல மீன் வந்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"மெதுவா போடான்னு சொல்லுச்சு."

அவன் கிளம்பும் முன்னால் செய்வதையெல்லாம் செய்தான். ராத்திரி முழுக்க என்ஜினைச் சூடாக வைத்திருந்த ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தான். முன் கண்ணாடியில் எட்டிப்பார்க்கும் அளவுக்கு மட்டும் ஓட்டை சுரண்டாமல், கண்ணாடி முழுவதையும், விளக்குகளையும், கூரையையும் துடைத்தான். கூரையில் பனியை விட்டுவைத்தால் முதல் பிரேக்கில் அது சரிந்து வந்து கண்ணை மறைக்கும். மண்வெட்டி, போர்வை, சங்கிலி எல்லாம் இருக்கிறதா பார்த்தான். கடைசியாக மணல் மூட்டைகள். பிக்கப் வண்டிக்கு என்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். பின்பக்கம் காலியாக இருந்தால் ஐஸில் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், வால் தன் பாட்டுக்கு ஆடும். நாலு மூட்டையைச் சரியாகப் பின் அச்சுக்கு மேலே வைத்து, அசையாதபடி கட்டை கொடுத்து நிறுத்தினான்.

டவுனில் மீன் ஏற்றும்போது சிவப்பு நிறப் புது வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. டெல்மர் இறங்கினான்.

"நீ எங்க மச்சான் இங்க?"

"சும்மாதான். ஒருவேளை உதவி கிதவி வேணுமான்னு." டெல்மர் தொட்டிகளைக் கண்ணால் அளந்தான். "எல்லாத்தையும் முன்னாடி தள்ளி வெச்சிருக்க?"

"கேபின் சுவத்துல முட்டுக் குடுத்தா முன்னாடி நகராது. பின்னாடி நகராம மூட்டை பாத்துக்கும்."

"பாரு, பாரு. மீனுக்கு மெத்தை தலகாணி மட்டும்தான் போடல." டெல்மர் தன் வண்டியின் மூக்கைத் தட்டினான். "இது நாலு சக்கரமும் இழுக்கும் மாப்ளே. இந்தப் பனியெல்லாம் இதுக்குத் தூசு."

"இழுக்கும் மச்சான். பிரேக் போட்டு நிக்கிறப்ப உன் வண்டியும் என் வண்டியும் ஒரே ரகந்தான்."

"பயந்தாங்கொள்ளி."

"அதுக்காகத்தானே என்கிட்ட குடுத்தாங்க!"

கிளம்பினார்கள். ஹார்லன் முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பிரேக் மிதி இருப்பதையே மறந்துவிட்டவன் மாதிரி ஓட்டினான். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடுவான், வண்டி தானாக ஓய்ந்து வளைவுக்குள் போகும். தொட்டித் தண்ணீர் அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் சாய்வது முதுகில் தெரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி, அந்த அசைவு அடங்கிய பிறகுதான் ஸ்டீயரிங்கை அடுத்த பக்கம் திருப்பினான்.

பின்னால் டெல்மர் ஹாரன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து விளக்கைச் சிமிட்டினான். அதற்கும் மசியாததால் பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கினான்.

"மாப்ளே! இந்த வேகத்துல போனா மீனு முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சிடும்!"

"நீ முன்னாடி போயேன் மச்சான்!"

"போறேன். ரோடு எப்படின்னு பாத்து வைக்கறேன். என் தடத்துலயே வா!"

சிவப்பு வண்டி பனியைத் தூற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. ஹார்லன் பெருமூச்சு விட்டான். இனி நிம்மதி என்று நினைத்தான்.

அடுத்து ஆற்றுப் பாலம். ரோட்டுக்குக் கீழே மண் இருக்கிறது, கொஞ்சமாவது வெதுவெதுப்பு இருக்கும். பாலத்துக்குக் கீழேயும் காற்று, மேலேயும் காற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் உறைவது அதுதான். இது டெல்மருக்கும் தெரியும். அந்த ஊரில் பேசப் பழகும் முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாலத்தில் ஏறிய பிறகு ஞாபகம் வந்து அவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். ஹார்லன் பாலத்துக்கு வந்தபோது தடம் நேராகப் போய், பிறகு ஒரு பாம்பு மாதிரி நெளிந்து, அக்கரையில் ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. பள்ளத்தில் சிவப்பு வண்டி மூக்குக் குத்தி நின்றது. டெல்மர் அதன் பக்கத்தில் முழங்காலளவு பனியில் நின்று, ஏதோ நிலம் வாங்க வந்தவன் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்லனின் கால் தன்னை அறியாமல் பிரேக் பக்கம் போயிற்று. அதை அவன் பல்லைக் கடித்து நிறுத்தினான். கை இறுக்கத்தைத் தளர்த்தி, காலை மிதியிலிருந்து எடுத்து, பாலத்தின் மேல் வண்டியைச் சும்மா உருள விட்டான். நடுவில் பின்பக்கம் ஒரு சாண் இடது பக்கம் ஒதுங்கிற்று. அவனும் ஸ்டீயரிங்கை இடது பக்கமே மெல்லக் கொடுத்தான். வால் யோசித்துப் பார்த்துத் திரும்பி வந்தது. பாலம் தாண்டி, சமதளமாக, திரும்ப நகரத் தோதான இடம் வரும்வரை போய்த்தான் நிறுத்தினான். இறங்கி நடந்து வந்தான்.

"அடி கிடி பட்டுதா மச்சான்?"

"அடியா? எதுக்கு? சும்மா நிறுத்தியிருக்கேன்."

"நல்ல எடமா பாத்துத்தான் நிறுத்தியிருக்க."

டெல்மரின் வாய் ஒரு பக்கம் கோணிற்று. பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள்.

மணி மூன்றுக்குப் பக்கம். ஹார்லன் தன் வண்டியைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான். சங்கிலி போட்டு இழுத்தால் தானும் சறுக்கி உள்ளே போவது நிச்சயம், மீனோடு சேர்த்து. வேறு வழியில்லாமல் இரண்டு மணல் மூட்டையைத் தூக்கிவந்து கிழித்து டெல்மரின் சக்கரங்களுக்கு அடியில் கொட்டினான்.

"மெதுவா, மெதுவா குடு. சக்கரம் சுத்துனா நிறுத்திடு."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்டா."

மெதுவாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் வண்டி ஒரு அங்குலம் நகர்ந்ததும் சந்தோஷத்தில் முழுசாக மிதித்துவிட்டான். மணல் அத்தனையும் பின்னால் பறந்து ஹார்லனின் கோட்டில் அப்பிற்று. நாலு சக்கரமும் சுற்றிச் சுற்றித் தமக்குத் தாமே நாலு குழி தோண்டிக்கொண்டன.

"நாலும் இழுக்குது மச்சான்" என்றான் ஹார்லன், வாயிலிருந்து மணலைத் துப்பியபடி. "கீழ்ப் பக்கமா இழுக்குது."

அப்போதுதான் அந்தப் பெரிய வண்டி வந்து நின்றது. டெக்சஸ் நம்பர் பலகை. முன் மூக்கில் இரும்புக் கயிற்றுச் சுருள். குழாய் பதிக்கும் வேலைக்கு வந்த பையனாக இருக்க வேண்டும். ஜன்னலை இறக்கினான்.

"அண்ணே, இழுத்து விடவா? ரெண்டு நிமிஷம் ஆகாது."

டெல்மர் கையை ஆட்டினான். "அதெல்லாம் வேணாம் தம்பி. உனக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"சிரமமே இல்லண்ணே. கயிறு இந்தா, இங்கயே இருக்கு."

"சே, சே. நீ வேலையா போறவன். நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்" என்று ஹார்லனும் சேர்ந்துகொண்டான். சொல்லிக்கொண்டே கொக்கி மாட்ட டெல்மர் வண்டியில் எங்கே பிடிமானம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான்.

"அப்ப சரிண்ணே. பாத்துப் போங்க."

ஜன்னல் ஏறிற்று. பெரிய வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது.

இருவரும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போயிட்டான்" என்றான் டெல்மர்.

"போயிட்டான் மச்சான்."

"மூணாவது தடவ கேக்கவே இல்லயே!"

"கேக்கலயே."

அந்த ஊரில் சாப்பாடோ காப்பியோ உதவியோ, இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தரம் 'சரி, நீ இவ்வளவு சொல்றதால' என்று வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. முதல் தரத்திலேயே வாங்குகிறவனைப் பசிப்பிணி வந்தவனாகப் பார்ப்பார்கள்.

"அவங்க அம்மா என்னத்தடா சொல்லிக்குடுத்து வளத்தா?" என்று டெல்மர் தெற்குப் பக்கம் பார்த்துக் கத்தினான். "ரெண்டு தடவ சொன்னா உடனே நம்பிடறதா?"

ஹார்லனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கால் வழுக்கி ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்தில் குளிர் ஏறியதும்தான் மீன் ஞாபகம் வந்தது.

"எந்திரி, கெளம்பு. என் வண்டியில ஏறு."

"வேணாம் மாப்ளே, நான் இங்கயே..."

"மச்சான், மூணு தடவ கேக்க எனக்கு நேரமில்ல. ஒரு தடவதான் கேப்பேன். ஏறு!"

டெல்மர் ஏறினான்.

சர்ச் மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஹார்லன் சமதளத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி, மேட்டில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தான். காலையிலிருந்து வந்த கார்கள் பனியை அழுத்தி அழுத்தி இரண்டு கண்ணாடிப் பாதை போட்டு வைத்திருந்தன. மேலே சர்ச் சமையலறை ஜன்னலில் தலைகள். அதில் நடுவில் இருப்பது போர்கில்ட் அம்மாவின் தலை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

திரும்பி வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். இரண்டு மூட்டைதான் மிச்சம். அந்த எடைக்குப் பின் சக்கரம் இந்த மேட்டைப் பிடிக்காது. பாதியில் நின்றால் பின்னால் சறுக்கும். சறுக்கினால் தொட்டிகளைத் தடுக்கப் பின்னால் போதிய மூட்டை இல்லை. அத்தனை மீனும் பின்கதவில் வந்து மோதும். போன வருஷக் கதை ஒன்றுமில்லாமல் போய்விடும்.

"என்னடா பாக்கற?" என்றான் டெல்மர்.

"மணல் பத்தாது."

டெல்மர் மேட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான்.

"எத்தன மூட்டை வேணும்?"

"ரெண்டு."

"நான் மூணு மூட்டை வருவேன்."

ஹார்லன் பதறினான். "வேணாம் மச்சான். பின்னாடி ஆள் உக்காந்து போறது தப்பு. விழுந்து தொலச்சா உன் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நடக்கற வேகத்துலதானே போவ? நான் தரையில உக்காந்து மூட்டையோட மூட்டையா கெடக்கறேன். தொட்டியையும் முதுகால முட்டுக் குடுத்துக்கறேன்."

"வேணாம் மச்சான்."

டெல்மரின் முகத்தில் கேலி இல்லை. "ஹார்லன், போன வருஷம் நான் கவுத்தேன். இந்த வருஷமும் என்னால கவுந்துச்சுன்னா நான் இந்த ஊர்ல மீனே திங்க முடியாது. ஏறட்டுமா?"

"சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்றான் ஹார்லன்.

டெல்மர் ஏறிச் சரியாகப் பின் அச்சுக்கு மேலே சம்மணம் போட்டு, முதுகைத் தொட்டிகளில் சாய்த்து, இரண்டு கையாலும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டியின் பின்பக்கம் ஒரு முனகலோடு தாழ்ந்தது. அந்த முனகல் ஹார்லனுக்குச் சங்கீதமாகக் கேட்டது.

இரண்டாம் கியர். முதல் கியரில் சக்கரம் ஆவேசப்படும். மேட்டின் நடுவில் கியர் மாற்றக் கூடாது, நிற்கக் கூடாது. கண்ணாடிப் பாதையை விட்டு ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்தில் யாரும் மிதிக்காத பனியில் விட்டான். அங்கே கடிக்க ஏதாவது இருக்கும். மிதியின் மேல் பெருவிரலை மட்டும் வைத்ததுபோல் அழுத்தம். வண்டி ஏறிற்று. பாதி தாண்டிற்று. பிறகு சக்கரத்தின் சத்தம் மாறியது. கறகறவென்றிருந்தது ஸ் என்றாயிற்று. பிடி விட்டுவிட்டது.

உடம்பு முழுவதும் 'மிதி, மிதி' என்றது. ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை இம்மியளவு தளர்த்தினான். ஒரு கணம் வண்டி போகவும் இல்லை, வரவும் இல்லை. பின்னால் டெல்மர் ஏதோ ஜெபம் மாதிரி சத்தமாகச் சொன்னான், ஜெபத்தில் வராத சொற்களும் அதில் இருந்தன. சக்கரம் நிதானமாயிற்று. கறக். கறகற. பிடித்துக்கொண்டது. காதலைச் சொல்லப் போகிறவன் மாதிரி ஒவ்வொரு அங்குலமாக, சர்ச் வாசல்வரை ஊர்ந்து வந்து நின்றது.

பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். புருவத்தில் பனி உறைந்து, மீன் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த டெல்மரைப் பார்த்தார்கள்.

"இதையும் வேகவைக்கணுமா?" என்று கேட்டார் போர்கில்ட் அம்மா.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மூடியாகத் திறந்தார், விரலால் மீனை அழுத்தினார், முகர்ந்தார், மூடினார். ஹார்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசித் தொட்டியை மூடிவிட்டுப் போர்கில்ட் அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"மோசமில்ல" என்றார்.

அவர் தன் கல்யாணத்தைப் பற்றிக்கூட அவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை.

ஹார்லன் தொட்டிகளை இறக்கி முடித்தான். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தான். சுற்றிலும் பானை கொதித்தது, வெண்ணெய் உருகியது, ஜன்னலெல்லாம் ஆவி படர்ந்தது. வாரத்தின் பலகைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தோளிலிருந்து இறங்கின.

ஆர்டிஸ் தட்டி எழுப்பியபோது அவன் மேல் யாருடைய கோட்டோ போர்த்தியிருந்தது.

"மீன்?" என்று துள்ளி எழுந்தான்.

"தீந்துபோச்சு. ஒரு துண்டு இல்ல. உனக்குன்னு எடுத்து வெச்சதையும் பாஸ்டர் தெரியாம தின்னுட்டார்."

"எல்லாம் போச்சா?"

"எல்லாம். நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு பேர் வாய்விட்டே சொன்னாங்க."

கூடத்திலிருந்து டெல்மரின் குரல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. "...அப்ப சக்கரம் பிடி விட்டுடுச்சு. நான் பின்னாடி இருந்து கத்தறேன், ஹார்லன், மிதிக்காத, கால தளத்துன்னு..." கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது.

"அப்படியா சொன்னான்?" என்றாள் ஆர்டிஸ்.

"என்னவோ சொன்னான். அதைச் சர்ச்சுல வெச்சு சொல்ல முடியாது."

"நீ போய் உள்ளத சொல்லேன்."

"எதுக்கு? நல்லாத்தான் சொல்றான். கேட்டுக்கிட்டே சாப்பிடறேன்."

அவள் உருளைக்கிழங்கு ரொட்டி இரண்டில் வெண்ணெய் தடவி, சுருட்டி, தட்டில் வைத்துக் கொடுத்தாள். பெஞ்சில் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷமும் நீதானாம். போர்கில்ட் அம்மா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க."

ஹார்லன் ரொட்டியைக் கடித்தான். மெல்ல மென்றான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான், அங்கே ஆவியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றாலும்.

"வெண்ணெய் இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டான்.